தூக்குக் கைதி எழுதியதைப் படிக்கலாமா?

1937 அக்டோபர் 1-ஆம் தேதி அன்றைய சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். நாமக்கல்லும் திருச்செங்கோடும் அப்போது அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தன. புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் இருந்துகொண்டு, குடியால் நொடித்துப்போன குடும்பங்களை அருகில் பார்த்தவர் கொண்டுவந்த சட்டம் அது. அதன் பிறகு அரசின் கை நிலையாக இருக்கவில்லை. 1971-இல் கடைகள் திறந்தன, 1974-இல் மூடின, 1981-இல் மறுபடி திறந்தன. 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. கடை மூடிய ஒவ்வொரு முறையும் லாரி டியூபில் சாராயத்தை நிரப்பி இரவோடு இரவாக ஊர் விட்டு ஊர் கொண்டுபோகிறவர்களுக்கு வேலை வந்தது. அப்படிப்பட்ட ஒருவன் தன் கதையைத் தானே எழுதினால் அதைப் படிக்கலாமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. படிக்க வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் அவனைத் தெரிந்துகொள்வதற்காக அல்ல.

நம் ஊரோடு தொடர்புள்ள சான்று ஒன்று இருக்கிறது. சென்னை திருவான்மியூரில் ஆட்டோவில் சாராயம் கடத்தத் தொடங்கி, விபசாரத் தொழிலுக்குப் போய், கடைசியில் ஆறு கொலைகளுக்காக விசாரிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரல் 27-ஆம் தேதி சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டான். செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் 1991 மே 31-இல் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் 1992-இல் அதை உறுதிசெய்தது. 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதமே, அவன் சிறையில் எழுதிய சுமார் 300 பக்கச் சுயசரிதையைத் தொடராக வெளியிடப்போவதாக நக்கீரன் பத்திரிகை அறிவித்தது. ஜூன் 15-இல் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து அதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது.

பத்திரிகை தரப்பு மனுவில் சொன்ன ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சங்கருக்கும் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருக்கும் நெருக்கம் இருந்தது, அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவர்கள் வந்துபோனதற்கு வீடியோவும் புகைப்படங்களும் இருக்கின்றன என்றார்கள். சாராயம் விற்றுக் கட்டிய வீட்டில் பால் காய்ச்சும்போது அதிகாரிகள் வந்திருந்தார்கள் என்பது உண்மையானால், அந்த ஒரு காட்சி போதும். ஆறு கொலைகளை விவரிக்கும் நூறு பக்கங்களைவிட அதுதான் அந்தப் புத்தகத்தின் சாரம். குற்றப்பத்திரிகை யார் கொன்றது, எப்போது, எதனால் என்று கேட்கும். அவ்வளவு சாராயம் இத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டி எப்படிப் போனது, மாமூல் எந்த மேசை வரை ஏறியது என்று கேட்காது. அது வழக்குக்குத் தேவையில்லை. அதைச் சொல்லக்கூடியவன் கொடுத்தவன் ஒருவன்தான். வாங்கியவர்கள் சுயசரிதை எழுதினாலும் அந்த அத்தியாயத்தை எழுதப்போவதில்லை.

1994 அக்டோபர் 7-இல் நீதிபதிகள் ஜீவன் ரெட்டியும் சுகாஸ் சென்னும் தந்த தீர்ப்பு இன்றும் இந்தியப் பத்திரிகைச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. அவதூறு வந்துவிடுமோ என்று அஞ்சி அதிகாரிகள் ஒரு எழுத்தை முன்கூட்டியே தடுக்க முடியாது, வந்த பிறகு வேண்டுமானால் வழக்குப் போடலாம் என்றார்கள். அதே தீர்ப்பு பத்திரிகைக்கும் ஒரு எல்லையைப் போட்டது. சுயசரிதையைச் சங்கர்தான் எழுதினானா என்ற சர்ச்சைக்குள் நீதிமன்றம் போகவில்லை. எழுதவில்லை, வெளியிட அனுமதிக்கவும் இல்லை என்றே வைத்துக்கொண்டு, பொது ஆவணங்களில் இருக்கிற அளவுக்கு அவன் சம்மதமில்லாமலேயே வெளியிடலாம், அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமையில் கை வைப்பதாகும் என்றது. தூக்குக் கைதிக்கும் அந்தரங்கம் உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது. பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. பொது ஆவணம் என்ற அந்த எல்லையே வாசகருக்கும் நல்ல அளவுகோல் என்று நினைக்கிறேன்.

கொலைகாரன் பொய் சொல்வான், அவன் புத்தகத்தை எப்படி நம்புவது என்று கேட்பார்கள். சொல்வான்தான். ரா.கி. ரங்கராஜன் தமிழில் தர, குமுதத்தில் தொடராக வந்து ஒரு தலைமுறையையே காத்திருக்க வைத்த ‘பட்டாம்பூச்சி’யின் மூலமான ஹென்றி ஷாரியரின் சிறை அனுபவப் புத்தகத்தில், மற்றவர்களுக்கு நடந்ததையும் தனக்கு நடந்ததாகச் சேர்த்துக்கொண்டார் என்று பிரெஞ்சுப் பத்திரிகையாளர்கள் அப்போதே எழுதினார்கள். அதனால் ஃபிரெஞ்சு கயானாவின் சிறைக் கொடுமை பொய்யாகிவிடவில்லை. இந்த வகைப் புத்தகத்தில் இரண்டு விதமான பக்கங்கள் உண்டு. தன் தைரியத்தையும் தாராளத்தையும் பற்றி அவன் எழுதும் பக்கங்களைப் பாதிக்கும் குறைவாகத்தான் நம்ப வேண்டும். எழுதியதால் தனக்கு ஒரு லாபமும் இல்லாத, தொழில் நடந்த விதத்தைச் சொல்லும் பக்கங்களைத் தீர்ப்பு நகலோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். பழிவாங்கச் சொன்ன பெயர்களும் அதில் இருக்கும். ஆகவே ஒருவர் பெயர் அச்சில் வந்ததாலேயே அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். விசாரிக்க வேண்டிய இடம் எது என்று மட்டும் அந்தப் பக்கம் காட்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், இந்த எழுத்து குற்றவாளியை நாயகனாக்கிவிடும் என்பது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்துவிட்டுக் கஞ்சா கடத்திய ஹோவர்ட் மார்க்ஸ் அமெரிக்கச் சிறையிலிருந்து 1995-இல் வெளியே வந்து, அடுத்த ஆண்டே ‘மிஸ்டர் நைஸ்’ எழுதினார். 43 புனைபெயர்கள், 89 தொலைபேசி இணைப்புகள் என்றே அந்தப் புத்தகத்தை விளம்பரப்படுத்தினார்கள். சாகசம் விற்றது. அப்படிப்பட்ட புத்தகத்தைப் பத்தாம் வகுப்புப் பையன் கையில் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாமே அப்படி இல்லை. கேரளத்துத் திருடர் மணியன்பிள்ளை சொல்ல ஜி.ஆர். இந்துகோபன் மலையாளத்தில் எழுதிய புத்தகத்தைக் குளச்சல் யூசுஃப் தமிழுக்குக் கொண்டுவந்தார். 2018-க்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது அதற்குக் கிடைத்தது. அதைப் படித்து முடிப்பவருக்குத் திருடனாக வேண்டும் என்று தோன்றாது. காவல் நிலையமும் கோர்ட்டும் ஜெயிலும் பணமில்லாத ஒருவனை எப்படி நடத்துகின்றன என்பதுதான் மனத்தில் நிற்கும்.

இறந்த ஆறு பேரின் குடும்பங்களுக்கு இந்த வாதம் எதுவும் ஆறுதல் தராது. கொன்றவனுக்கு 300 பக்கம் கிடைத்தது, அவர்களுக்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் குறை நியாயமானது. அதற்குப் பரிகாரம் அவர்களையும் தேடிப்போய் எழுதுவது. அவன் எழுதியதைப் பூட்டி வைத்தால் லாபம் அந்தக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கே போய்ச் சேரும்.

பழைய கதை என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஊருக்குள்ளேயே, நகரின் நடுவிலேயே விற்ற சரக்கு அது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. விற்றவர்கள் யார் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. இத்தனை நாள் எப்படி விற்க முடிந்தது என்பதை அவர்களில் ஒருவன் நாளை சிறையிலிருந்து எழுதினால், கருணாபுரத்துக் குடும்பங்கள்தான் அதை முதலில் படிக்க விரும்பும்.