பல்லேபொலவில் தங்கி கோல்ப் ஆடலாம்

பல்லேபொலவில் கோல்ப் மைதானம் கிடையாது. மாத்தளைக்கும் கலேவெலைக்கும் இடையில் கிடக்கும் இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் வயலும் தென்னையும் மிளகுக் கொடி ஏறிய மரங்களும்தான் கண்ணில் படும். கோல்ப் விடுமுறை பற்றிய கட்டுரையில் இந்த ஊருக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயமே. இலங்கைக்கு ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் மைதானங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பயணத்தை வகுக்கிறார்கள். பட்டியலை மூடி வைத்துவிட்டு மழையையும் பாதையையும் முதலில் பார்த்தால், ஆண்டின் நடுப்பகுதியில் வருகிறவருக்கு மாத்தளைக்கு வடக்கே உள்ள கிராமங்களைவிடப் பொருத்தமான தங்குமிடம் வேறில்லை என்பது தெரியவரும். அந்தக் கிராமங்களுக்கும் அதனால் வருமானம் உண்டு. அதற்காக அங்கே ஒரு மைதானம் அமைக்க வேண்டியதில்லை, அமைக்கவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்தே இங்கே வாதிட விரும்புகிறேன்.

நாட்டில் 18 குழிகள் கொண்ட மைதானங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. மூத்தது கொழும்பில் இருக்கிறது. 1879இல் காலிமுகத் திடலில் ஆடத் தொடங்கிய கழகம் 1896இல் பொரளைக்கு இடம் மாறியது. அந்த ஆண்டு பதவியேற்ற ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரே மைதானத்துக்கு வாய்த்தது. 'றோயல்' பட்டம் 1928இல் வந்தது. களனிவெளி ரயில் பாதை இந்த மைதானத்தை ஊடறுத்துப் போகிறது. ரயில் வரும் சத்தம் கேட்டால் ஆட்டக்காரர் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு, கடைசிப் பெட்டி கடக்கும்வரை நிற்பார். நகரத்தின் நெரிசலுக்குள் இத்தனை பசுமை எப்படித் தப்பிப் பிழைத்தது என்ற வியப்பு அங்கே போகிற எவருக்கும் வரும்.

நுவரெலியாவின் கழகம் 1889இல் பிறந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் காற்று மெல்லியது. அதனால் அதே வீச்சில் பந்து கொழும்பில் போவதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பறக்கும். அதை நம்பி ஓங்கி அடிக்கவும் முடியாது. நகரின் நடுவே மரங்களுக்கிடையில் நெளியும் பாதைகள் ஒடுங்கியவை. நேராக அடிக்கத் தெரிந்தவருக்கே அது வழிவிடும். கண்டிக்குக் கிழக்கே திகனையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய மைதானத்தை வடிவமைத்தவர் இங்கிலாந்தின் டொனால்ட் ஸ்டீல். 1985இல் திறக்கப்பட்ட அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. இன்று அந்த நீர்ப்பரப்பைப் பார்த்துப் பந்தடிப்பவருக்கு இந்தச் செய்தி தெரிந்திருப்பது நல்லது. தெற்கே அம்பாந்தோட்டையில் 2016இல் திறக்கப்பட்ட விடுதியோடு சேர்ந்த மைதானம் தென்னை நிலத்திலும் கடலோர மணல்மேட்டிலும் விரிகிறது. ஸ்கொட்லாந்தின் கரையோரங்களில் இந்த ஆட்டம் உருவான நிலத்துக்கு, மணலும் காற்றும் கொண்ட அந்த அமைப்புக்கு, இலங்கையில் மிக அருகில் வருவது அதுதான். எஞ்சிய இரண்டையும் விமானப் படை நடத்துகிறது: ஒன்று திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில், மற்றது அனுராதபுரத்தில்.

இந்த ஆறையும் ஒரே மூச்சில் ஆடிவிடலாம் என்று நினைத்துத்தான் பலர் தவறுகிறார்கள். தூரத்தைவிட மழையே பெரிய தடை. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்ரெம்பர் வரை கொழும்பையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கும். ஜூன், ஜூலையில் நுவரெலியாவில் அடித்த பந்து மூடுபனிக்குள் போய் மறையும். அதே மாதங்களில் கிழக்குக் கரையில் கச்சான் காற்று வீசும். வானம் தெளிந்து, புல் வெயிலில் காய்ந்து, நிலம் இறுகியிருக்கும். பந்து விழுந்த இடத்திலிருந்து உருண்டு வெகுதூரம் போகும். ஒக்ரோபர் கடந்து வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழாகும். நவம்பர், டிசம்பரில் திருகோணமலைக்கு மழைக்குடையோடுதான் போக வேண்டும். ஜனவரி பிறந்த பிறகு நுவரெலியா மெல்ல வெளுக்கத் தொடங்கி, ஏப்ரல் வசந்த காலத்தில் ஊரே நிரம்பி வழியும். ஆகவே இலங்கையில் கோல்ப் பயணம் இரண்டு வகைப்படும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கொழும்பு, நுவரெலியா, அம்பாந்தோட்டை. மே முதல் செப்ரெம்பர் வரை அனுராதபுரம், திருகோணமலை. திகனை கிடக்கும் தும்பறைப் பள்ளத்தாக்கை மலைகள் மறைத்து நிற்பதால் அங்கே தென்மேற்கு மழை வலு குறைந்தே வரும். அதனால் திகனையை இரண்டு பயணத்திலும் சேர்க்கலாம்.

முதல் பயணத்தை விற்க ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். ஐரோப்பாவின் பனிக்காலத்தில் வெயில் தேடி வருகிறவர்களுக்காகவே அது தைக்கப்பட்டது. இரண்டாவது பயணத்தைப் பற்றிப் பேசுவார் இல்லை. ஆனால் பள்ளிகள் பூட்டும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் நம்மவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். நல்லூர்த் திருவிழாவும் அந்த வேளையில்தான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்ந்த பிள்ளைகளில் கோல்ப் மட்டை பிடிக்கத் தெரிந்தவர்களும் உண்டு. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதையில் அவர்கள் எப்படியும் பயணம் செய்கிறார்கள். வரைபடத்தில் திகனையிலிருந்து அனுராதபுரத்துக்கு ஒரு நேர்கோடு இழுத்தால் அது ஏறத்தாழ பல்லேபொலவின் மேலேயே போகும். திகனையிலிருந்து திருகோணமலைக்குப் போகிறவரும் பல்லேபொலவுக்குச் சற்றுக் கிழக்கே, நாலந்தா வழியாகத்தான் வடக்கே ஏற வேண்டும்.

இந்தப் பாதை ஆட்களுக்காகக் காத்திருப்பது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர் காடுகளை நடந்து கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாகத்தான் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானோர் ஏராளம். உயிரோடு வந்தவர்கள் கோப்பிக் காடுகளுக்கும் பின்னர் தேயிலைக்கும் பிரிந்து போனார்கள். நுவரெலியாவில் துரைமார் கோல்ப் ஆடிய காலத்துச் செல்வம் அவர்களுடைய முதுகில் ஏறி வந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்கள் ஐந்தும் அந்த வழிப்போக்கர்களின் வழிவந்தவர்கள் இழுப்பவை. நாலந்தாவில் பல்லவர் பாணிக் கற்கோயிலின் சாயலில் நிற்கும் கெடிகே என்ற பழங்கட்டடம், போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காக 1970களில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டு நிலத்தில் மீண்டும் கட்டப்பட்டது. அலுவிகாரையில் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டதாகப் பௌத்த மரபு சொல்கிறது. இவை அனைத்தும் பல்லேபொலவிலிருந்து ஒரு பிற்பகலில் போய்வரக்கூடிய இடங்கள். மட்டை பிடிக்காத மனைவிக்கும் மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் விடுமுறை உண்டு என்பதைக் கோல்ப் பயணங்களை வகுப்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு பொருத்தமான இடம் என்றால் மாத்தளையிலேயே ஒரு மைதானம் அமைத்துவிடலாமே என்று முதலீட்டாளர் கேட்பார். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் காணி வேண்டும். அதில் 30 ஹெக்டேர் புல்லுக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் ஈரம் ஆவியாகிப் போனால், அதை ஈடுசெய்ய ஒவ்வொரு நாளும் 12 இலட்சம் லீற்றர் தேவை. சிறுபோகத்துக்குக் குளத்து நீரை முறை வைத்துப் பங்கிடும் ஊரில் அந்தத் தண்ணீர் எந்த வயலிலிருந்து வரும்? பல்லேபொலப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் பலாவும் கமுகும் தென்னையும் நிற்கும். அவற்றின் மேல் மிளகு ஏறியிருக்கும். நிழலில் கோப்பியும் இஞ்சியும் வளரும். பல அடுக்காகப் பயன் தரும் அந்த நிலத்தை அழித்து ஒற்றைப் புல் விரிப்பது பொருளாதாரமாகவும் நட்டம். தென்கிழக்கு ஆசியாவில் மைதானங்கள் பெருகி, காணியும் நீரும் பறிபோன அனுபவத்திலிருந்துதான் 1993இல் உலகளாவிய கோல்ப் எதிர்ப்பு இயக்கம் கிளம்பியது. அதன் குற்றச்சாட்டில் பெரும்பங்கை நான் ஏற்கிறேன். ஏற்கெனவே உள்ள மைதானங்கள் ஆண்டின் பல நாட்கள் வெறிச்சோடிக் கிடக்கும்போது புதியதற்கு நியாயம் சொல்வது கடினம். அவற்றுக்கு ஆட்டக்காரரைச் சரியான மாதத்தில் கொண்டு சேர்த்தால் போதும்.

ஆட்டக்காரர் மைதானத்தை ஒட்டிய அறையில்தான் தூங்க விரும்புவார் என்ற மறுப்பும் உண்டு. சீனக்குடாவுக்கு அது பொருந்தும். பல்லேபொலவிலிருந்து அங்கே போய் ஆடிவிட்டு அன்றே திரும்புவது வீண் சோர்வு. திருகோணமலையில் இரண்டு இரவு தங்கி, காலையில் ஆடி, மாலையில் கோணேசரைத் தரிசிப்பதே முறை. திகனைக்கு நிலைமை வேறு. 18 குழிகளை முடிக்க நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் பிடிக்கும். அங்குள்ள வெயிலில் பதினொரு மணிக்குப் பிறகு ஆடுவது யாருக்கும் உவப்பில்லை. இருட்டோடு புறப்பட்டு, விடிந்ததும் ஆடத் தொடங்கினால், மதியச் சோற்றுக்குக் கிராமத்து வீட்டுக்கு வந்துவிடலாம். அனுராதபுரத்துக்கு ஒருநாள் நீண்ட பயணம் வேண்டும். வடக்கே போகும் குடும்பம் அதை யாழ்ப்பாணப் பயணத்தின் வழியில் சேர்த்துக்கொள்வதே எளிது.

விமானப் படை நடத்தும் மைதானங்களில் தமிழர் போய் ஆடலாமா என்ற சங்கடத்தை மறைத்துப் பேசக் கூடாது. கிழக்கில் படையினர் வசமுள்ள காணிகள் பற்றிய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. சீனக்குடா வான்தளம் பிரித்தானியர் காலத்தது என்பதால் மட்டும் அந்தக் கேள்வி ஓய்ந்துவிடாது. அங்கே ஆட மனம் ஒப்பாதவர் திகனையோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர் முடிவை நான் மதிக்கிறேன். ஆடப் போகிறவர் முன்கூட்டியே அனுமதி பெற்று, அடையாள ஆவணத்தோடு போக வேண்டும். என் பார்வையில், பொதுமக்கள் போய்வரும் இடமாக அந்த நிலம் மாற மாற, வேலிக்குள் அடைபட்ட நிலம் என்ற தன்மை குறையும். அது காணிக் கேள்விக்கு விடை ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பணக்காரர் ஆட்டத்துக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. இலங்கையின் சிறந்த ஆட்டக்காரர்களில் பலர் பிறருடைய பையைச் சுமக்கும் கேடிகளாகத் தொடங்கியவர்கள். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டங்கள் வென்ற என். தங்கராஜாவின் பெயரைத் தமிழ் வாசகர் கிரிக்கெட் வீரர்களின் பெயர் அளவுக்கு அறிந்திருக்கவில்லை என்பது வருத்தம். மைதானத்தில் ஆள் நடமாட்டம் இருந்தால்தான் கேடிக்குக் கூலி. கூலி இருந்தால்தான் அடுத்த தங்கராஜா மட்டையைத் தொடுவார். ஆட்டத்தின் கட்டணம் கழகத்துக்குப் போகட்டும். தங்கும் அறை, சோறு, ஓட்டோ, மிளகு என்று மீதிச் செலவு எங்கே இறங்குகிறது என்பதே திட்டமிடலில் நாம் கவனிக்க வேண்டியது. பெரிய விடுதியின் ஒற்றைப் பில்லுக்குள் அது அடங்கிவிட்டால் மாத்தளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

மாத்தளை வீதியோர வாசனைத் தோட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே சாரதிக்குப் போகும் தரகுப் பணம் மிளகுப் பொட்டலத்தின் விலையில் ஏறியிருக்கும். பயிரிட்டவர் கைக்கு வருவது சொற்பம். தங்கும் வீட்டின் முற்றத்தில் பாயில் உலரும் மிளகை, அந்த வீட்டுக்காரரிடமே நிறுத்து வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

இதற்குத் தேவைப்படுபவை சிறியவை. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்த வீட்டுத் தங்குமிடங்கள் கோல்ப் பையை வைக்கப் பூட்டுள்ள ஓர் அறையை ஒதுக்க வேண்டும். அதிகாலை நாலரைக்கு இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டித் தர வேண்டும். திகனை, அனுராதபுரம், சீனக்குடா மூன்றும் போட்டிகளுக்காக மூடும் நாட்களை ஒரே பட்டியலாக, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், ஏப்ரலுக்கு முன்பே வெளியிட்டால், ஜூலையில் வரும் குடும்பம் விமானச் சீட்டு வாங்கும்போதே தன் நாட்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.