சட்டமும் நெஞ்சும்

திருவள்ளுவனார் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மையை வைத்தார். குடிகளின் கண்ணீரே கொடுங்கோலனை அழிக்கும் படை என்பதும் அவர் கருத்து. ஆயினும் அக்கண்ணீர் வடிக்குங் குடிமகன் அரசாணையை மீறலாமோ, மீறலாகாதோ என்பதை அவர் யாண்டும் எடுத்து ஆராய்ந்தாரல்லர். வைகாசி தோறுங் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடும் மட்டக்களப்பு நாட்டார்க்கு வழக்குரை காதை நன்கு தெரிந்ததே. எனினும் கண்ணகி எதிர்த்தது பாண்டியனது சட்டத்தையன்று. ஆராயாது அவன் அளித்த தீர்ப்பையே. கள்வனைத் தண்டிக்கும் ஆணையில் அவள் குறை காணவில்லை. சட்டமே முறைகேடாயின் குடிமகன் யாது செய்வது? இவ்வினா முடியாட்சிக் காலத்ததன்று, நம் காலத்தது.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் ஒன்றனையே இலங்கையின் அரசகரும மொழியாக்கிற்று. ஏறாவூரிலே பள்ளிவாசலுக்குச் செல்வோனும் கோயிலுக்குச் செல்வோனும் பேசுவது தமிழே. அவ்விருவர் கைக்கும் அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தால், அதனைப் படிப்பித்துக் கேட்க வேறோர் ஆளைத் தேடவேண்டிய நிலையை அச்சட்டம் உண்டாக்கிற்று. பெரும்பான்மையோர் வாக்களித்து நிறைவேற்றிய சட்டந்தானே, பணிந்து நடவுங்கள் என்றனர் சிலர். தலையெண்ணிக்கை ஒரு சட்டத்துக்கு வலிமை தரும். அறம் தருமோ?

அவ்வாண்டு ஜூன் 5ஆந் திகதி காலிமுகத் திடலிற் சத்தியாக்கிரகஞ் செய்தவர்கள் அடிபட்டார்கள். 1957இற் செய்த பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1961 பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலே தமிழரசுக் கட்சியார் மறியலைத் தொடங்கினர். அடுத்த சில நாட்களுள் அது மட்டக்களப்பையும் பற்றிற்று. அந்நாளில் மட்டக்களப்புக் கச்சேரி புளியந்தீவில் ஒல்லாந்தர் கோட்டைக்குள்ளே இருந்தது. தமிழரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் அதன் வாயிலை மறித்து அமர்ந்தனர். ஏப்ரல் 14ஆந் திகதி கட்சியார் தமக்கெனத் தபால் முத்திரை வெளியிட்டு, தபாற் சேவையொன்றையுந் தொடங்கினர். 17ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமிற் பல மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டனர்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மேடைகளில் இதனை எவரும் எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. அவர்கள் மீறிய தபாற் சட்டம் அநீதியானதன்று. கடிதங் கொண்டு செல்லும் உரிமை அரசாங்கத்துக்கே உரியது என்பதில் யார்க்கு என்ன தீங்கு? மொழிச் சட்டத்தை மீற ஒரு வழியும் இல்லாமையால், குற்றமற்ற வேறொரு சட்டத்தை மீறித் தம் மறுப்பைப் புலப்படுத்தினர். 1930இல் தண்டியிலுந் வேதாரணியத்திலும் உப்பெடுத்தவர்கள் நிலை அன்னதன்று. அங்கே மீறிய சட்டமும் வெறுத்த சட்டமும் ஒன்றே. ஏழையின் கஞ்சிக்கு வரி விதித்த சட்டம் அது. தபால் முத்திரை அச்சிட்டதை நான் தவறென்று கூறேன். ஆனால் உப்பு அள்ளிய கையின் தெளிவு அதற்கு இல்லை. கச்சேரி வாயில் மறியலோ இன்னுஞ் சிக்கலானது. வாயில் அடைபட்ட நாட்களில் அலைந்தவன் கொழும்பிலிருந்த மந்திரியல்லன்; வயற்காணிப் பத்திரத்துக்காகக் காத்திருந்த நம்மூர் உழவனே. நெஞ்சின் கட்டளைக்காகத் தான் துன்புறுவது வேறு, தன் அயலான் துன்புற நேர்வது வேறு.

இவ்வேறுபாட்டைக் கடுமையாகக் கற்பித்த நிகழ்ச்சியும் நம் பக்கத்திலேயே உண்டு. 1958 மே மாதக் கலவரத்தின்போது ஏறாவூருக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட இருப்புப் பாதையிலே இரவு ரயில் ஒன்று தடம்புரட்டப்பட்டது, உயிர்கள் போயின. அதனைச் செய்தவர்களும் அநீதியை எதிர்த்தோம் என்றே தம் நெஞ்சுக்குச் சொல்லியிருப்பர். ஆதலால் ‘என் நெஞ்சு கூறிற்று’ என்னுஞ் சொல் மட்டும் போதாது. நெஞ்சு யார்க்கும் உண்டு. அதன் குரலாகப் பல வேளை சினமும் பேசும். காந்தியடிகள் இதனை அறிந்தே, சட்டத்தை மறுப்பவன் அதனைப் பகலில், தன் பெயர் கூறி மறுத்து, அதற்குரிய தண்டனையையும் ஏற்கவேண்டும் என விதித்தார். அடிமைத்தனத்தைப் போற்றிய அரசுக்கு வரி கொடேன் என்று 1846இற் சிறை சென்ற அமெரிக்க அறிஞர் தோரோ செய்ததும் அதுவே. இரவிற் தண்டவாளத்தைக் கழற்றியவன் பெயரை எவரும் அறியார். கோட்டை வாயிலில் அமர்ந்தவன் பெயரைப் பொலிசார் எழுதிக்கொண்டனர். அளவுகோல் வேறு வேண்டுமோ?

இவ்வளவுகோலுக்கு முற்றும் பொருந்தியவர் ஒருவரை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிட்டனர். எழுதுவினைஞர் சேவையிலிருந்த கோடீஸ்வரன் என்பவர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றேன் என மறுத்தார். 1962இல் அவரது சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் எவர் வாயிலையும் மறிக்கவில்லை. இழப்பு அவருடையதாகவே இருந்தது. அவர் நீதிமன்றத்தை நாடினார். 1964இற் கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிறெற்சர், மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர இயலாது என்று கூறி அதனைத் தள்ளிற்று. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்குத் தொடரலாம் என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பிற்று.

சட்டத்துக்குப் பணிந்தே சட்டத்தைத் திருத்துக என்பார்க்கு இவ்வழக்கினுஞ் சிறந்த சான்று வேண்டா. ஒரு குடிமகன் ஏறத்தக்க படிகள் அனைத்தையும் அவர் ஏறினார். ஆனால் 1971இற் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் வந்த குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை. தமிழும் அரசகரும மொழியாகும் என்னும் வாசகம் 1987இன் பதின்மூன்றாந் திருத்தத்தாலேயே சட்டத்தில் ஏறிற்று. கோடீஸ்வரன் எழுப்பிய வினாவுக்கு எந்த மேல்மன்றமும் இறுதிவரை விடை கூறவில்லை.