மலை ஏற ஆசையா? முதலில் சீட்டு, பிறகு பூட்ஸ்!
குரங்கணியில் கருகிய உயிர்கள் சொல்லும் பாடம்

சனி, ஞாயிறு லீவு வந்தால் போதும். சென்னை வாலிபர்களும் பெண்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் எந்தப் பாதை, யார் அனுமதி, கூட வருவது யார்? இதைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதைக் குரங்கணி காட்டிவிட்டது.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடி அருகே கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இரண்டு கோஷ்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று சென்னை கோஷ்டி. மற்றொன்று ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் கோஷ்டி. பெண்களே அதிகம்.

பிற்பகலில் திடீர் என்று காட்டுத் தீ! ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல். அதோடு காற்று வேறு. அலறி அடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். முதலில் ஓடிவந்து தூக்கியவர்கள் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்தான். பிறகு விமானப் படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அந்த இடத்திலும் ஆஸ்பத்திரிகளிலுமாக 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

ஏன் தப்ப முடியவில்லை?

சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். அப்போது மேட்டைப் பார்த்து ஓடினால் தீ துரத்திப் பிடித்துவிடும். புல் இல்லாத பாறையோ வெட்டவெளியோதான் அடைக்கலம். மலையில் பிறந்தவனுக்கு இது தெரியும். பட்டணத்து ஆபீஸில் வேலை பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அவர்கள் போன பாதைக்கு அனுமதி இல்லை என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். அப்படியானால் அத்தனை பேர் எப்படி உள்ளே போனார்கள் என்று ஊர் கேட்டது. வனச்சரகர் ஒருவர் சஸ்பெண்ட் ஆனார். விசாரணையும் நடந்தது.

வந்தது கெடுபிடி

அதே 2018-ல் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் போட்டது. பாதைகளைச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தார்கள். இணையதளத்தில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தந்த மலையைச் சேர்ந்த வாலிபர்களும் பெண்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். பழங்குடிக் குடும்பங்களுக்கு இதில் நாலு காசு வருமானமும் உண்டு.

சென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில், திருவள்ளூர் மாவட்டக் குடியம் குகைப் பாதையும் பட்டியலில் இருக்கிறது. குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் இருக்கிறது!

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீ பயம். அந்த இரண்டு மாதமும் பாதைகளுக்குப் பூட்டு.

"ஏழை பார்க்கக் கூடாதா?"

குறையும் இல்லாமல் இல்லை. கட்டணம் ரொம்ப அதிகம், குமாஸ்தா சம்பளக்காரன் மலை பார்க்கக் கூடாதா என்று ஆரம்பத்திலேயே சத்தம் கிளம்பியது. பிறகு கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

இன்னொரு சிக்கல் கோவை வெள்ளியங்கிரி. அங்கே பக்தர்கள் ஏறுவதே பிப்ரவரியிலிருந்து மே வரைதான். ஏழு மலை தாண்ட வேண்டும். 2024-ல் ஏறும்போதே மூச்சுத் திணறியும் மயங்கி விழுந்தும் சிலர் உயிரை விட்டார்கள். இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் வர வேண்டாம் என்கிறது வனத்துறை. பக்தி கேட்கிறதா?

பூட்டியே வைத்தால் ஜனம் திருட்டு வழியில் ஏறும். கேட்பாரில்லாமல் திறந்துவிட்டால் இன்னொரு குரங்கணிதான். சீட்டும் வழிகாட்டியும் இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி. கட்டணம் இன்னும் கைக்கு எட்டினால் கள்ள வழி தானாகக் குறையும்.

ஆகவே, "சீட்டெல்லாம் வேண்டாம் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது கூப்பிட்டால், அந்த ஆளை நம்பி மலை ஏறாதீர்கள்!