பொறுத்தலும் சுமத்தலும்: விவிலியத்தில் பாவத்தின் விளைவும் இறையருளும்

முன்னுரை

பாவம் செய்த ஒருவர் மனம் திரும்பி இறைவனிடம் மன்னிப்புப் பெறுகிறார். ஆயினும் அப்பாவத்தால் விளைந்த இழப்பும் நோவும் அவர் வாழ்வில் தொடர்கின்றன. இந்நிலையில் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. விளைவு தொடர்வதால் மன்னிப்புக் கிட்டவில்லையோ என்பது ஒன்று. மன்னிப்புக் கிட்டியபின் விளைவுக்குத் தாம் பொறுப்பல்லவோ என்பது மற்றொன்று. முதலாவது மனமுறிவுக்கும் இரண்டாவது பொறுப்பின்மைக்கும் இட்டுச் செல்லும். விவிலியம் இவ்விரண்டையும் ஏற்பதில்லை. அருளையும் விளைவையும் அது ஒரே வினைச்சொல்லால் சுட்டும் இடங்களை ஆராய்ந்து, அச்சொல்லின் பொருட்பரப்பைப் ‘பொறுத்தல்’ என்னும் தமிழ்ச்சொல்லோடு ஒப்பிட்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். விவிலிய நூற்பெயர்கள் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தின்படி தரப்படுகின்றன. சீர்திருத்தச் சபையினரிடையே வழங்கும் பெயர்கள் வேறுபடுமிடத்து முதன்முறை மட்டும் அடைப்புக்குறிக்குள் இடம்பெறுகின்றன.

1. இருபொருள் தரும் இரண்டு சொற்கள்

எபிரேய மொழியில் ‘நாசா’ என்னும் வினைச்சொல்லுக்குத் தூக்குதல், சுமத்தல், தாங்குதல் என்பன அடிப்படைப் பொருள்கள். பாவத்தைச் செயப்படுபொருளாகக் கொள்ளும்போது இச்சொல் இருவகையாகப் பொருள்படும். பாவம் செய்தவர் அதை ‘நாசா’ செய்கிறார் என்றால் அதன் விளைவைச் சுமக்கிறார் என்பது பொருள். இறைவன் அதை ‘நாசா’ செய்கிறார் என்றால் மன்னிக்கிறார் என்பது பொருள். ‘ஆவோன்’ என்னும் பெயர்ச்சொல்லும் இத்தகையதே. அது கோணலான செயலையும், அதனால் வரும் குற்றநிலையையும், அதற்குரிய தண்டனையையும் ஒருங்கே குறிக்கும். செயலும் விளைவும் வேறு வேறு பொருள்களாகப் பிரிக்கப்படாத சிந்தனை இச்சொல்லில் உறைந்துள்ளது.

இவ்விரு சொற்களும் ஒருங்கே வருமிடம் தொடக்கநூலில் (ஆதியாகமம்) காயின் கூறும் கூற்றாகும் (4:13). தன் தண்டனை தாங்கவியலாதது என்று அவன் முறையிடுவதாகவும் அதனைக் கொள்ளலாம். தன் குற்றம் மன்னிக்கவியலாத அளவு பெரிதென்று வருந்துவதாகவும் கொள்ளலாம். பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய எழுபதின்மர் பெயர்ப்பு இரண்டாம் பொருளையே தழுவியது. பிற்கால மொழிபெயர்ப்புகள் பல முதற்பொருளைத் தேர்ந்தன.

தமிழில் ‘பொறு’ என்னும் வினை இவ்விரு பொருளையும் தன்னகத்தே கொண்டுள்ளது. பாரத்தைத் தாங்குதலும் பிழையை மன்னித்தலும் பொறுத்தலே. ‘பொறை’ என்பது சுமைக்கும் பெயர், பொறுமைக்கும் பெயர். திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம் தன்னை அகழ்வோரையும் தாங்கி நிற்கும் நிலத்தை உவமையாக்கித் தொடங்குவது இப்பொருளிணைப்பை நன்கு காட்டும். தீங்கைப் பொறுப்பவர் அத்தீங்கின் பாரத்தையும் ஏற்கிறார் என்னும் கருத்து இரு மொழிகளிலும் சொல்லளவிலேயே அமைந்திருப்பது கருதத்தக்கது.

2. பாலைநிலத்தில் மன்னிப்பு

எண்ணிக்கை (எண்ணாகமம்) நூலின் 14ஆம் அதிகாரம் இதற்குச் சிறந்த சான்று. வாக்களிக்கப்பட்ட நாட்டை உளவறியச் சென்ற பன்னிருவர் 40 நாள்கள் கழித்துத் திரும்புகின்றனர். அவருள் பதின்மர் தரும் அச்சமூட்டும் செய்தியைக் கேட்டு மக்கள் கிளர்ந்தெழுந்து எகிப்துக்கே திரும்ப முற்படுகின்றனர். அவர்களை மன்னிக்குமாறு மோசே வேண்டுகிறார். எகிப்திலிருந்து இதுகாறும் அம்மக்களைப் பொறுத்துவந்தமையை அவர் நினைவூட்டுமிடத்தில் வரும் சொல் ‘நாசா’ (14:19). அடுத்த வசனத்திலேயே இறைவன் மன்னிப்பு வழங்குகிறார். எனினும் கிளர்ந்தெழுந்த தலைமுறை அந்நாட்டைக் காணாது என்னும் தீர்ப்பும் உடன் வருகிறது. காலேபும் யோசுவாவும் மட்டுமே விதிவிலக்கு. உளவறிந்த நாளொன்றுக்கு ஆண்டொன்றாக 40 ஆண்டுகள் அவர்கள் தம் குற்றத்தைச் சுமக்கவேண்டும் என்னுமிடத்திலும் அதே ‘நாசா’ பயில்கிறது (14:34).

மன்னிப்பும் விளைவும் இங்கு ஒன்றையொன்று மறுக்கவில்லை. அந்த 40 ஆண்டுகளும் இறைவன் கைவிட்ட காலமாகவும் காட்டப்படவில்லை. அக்காலம் முழுவதும் இறைவன் உடனிருந்தார், மக்களுக்கு ஒரு குறையும் நேரவில்லை என்று இணைச்சட்டம் (உபாகமம்) பின்னர் நினைவுகூர்கிறது (2:7). விளைவு நீங்கிய பின்னர் வருவதாக அன்றி, விளைவின் நடுவே நாள்தோறும் கிடைத்த மன்னாவாக அருள் அங்கு அமைந்தது.

3. தாவீதின் வீட்டில் வாள்

தாவீது பத்சேபாவைக் கவர்ந்து, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் மடியச் செய்த வரலாற்றை 2 சாமுவேல் 11, 12 ஆகிய அதிகாரங்கள் கூறுகின்றன. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையால் இறைவாக்கினர் நாத்தான் அரசனின் குற்றத்தை அவனுக்கே உணர்த்துகிறார். தாவீது தன் பாவத்தை ஒப்புக்கொண்டதும் அது நீக்கப்பட்டது என்றும் அவன் சாகமாட்டான் என்றும் நாத்தான் அறிவிக்கிறார் (12:13). ஆனால் பிறந்த குழந்தை ஏழாம் நாளில் இறக்கிறது. வாள் அவன் வீட்டைவிட்டு விலகாது என்னும் முன்னறிவிப்பு அம்னோன், அப்சலோம் ஆகியோரின் மரணங்களில் நிறைவேறுகிறது.

தந்தையின் பாவத்தின் விளைவு மக்களைத் தாக்கும் இவ்விடம் வாசகரை உறுத்துவதாகும். விவிலியமே இதனை எண்ணிப் பார்க்கிறது. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் அறுதியிட்டுரைக்குமிடத்திலும் (18:20) ‘நாசா’ என்பதே வினை. பாவத்தின் பாதிப்பு பிறர்மீது பரவக்கூடும். குற்றநிலை அவ்வாறு கைமாறுவதில்லை. மேலும், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு யார் செய்த பாவம் என வினவிய சீடருக்கு, அவரும் அவர் பெற்றோரும் பாவம் செய்ததால் அன்று என இயேசு விடையிறுக்கிறார் (யோவான் 9:3). பாவத்திற்கு விளைவுண்டு என்பதிலிருந்து துன்பமெல்லாம் பாவத்தின் விளைவு என்னும் முடிவுக்கு வரலாகாது.

தலைப்புரையால் நாத்தானின் வருகையோடு தொடர்புபடுத்தப்படும் 51ஆம் திருப்பாடல் (சங்கீதம்), கிறித்தவ மரபின் ஏழு மனமாற்றப் பாடல்களுள் ஒன்று. அதன் மையவேண்டல் தூய உள்ளம் புதிதாகப் படைக்கப்படவேண்டும் என்பது. வாளை விலக்கவேண்டும் என்னும் வேண்டல் அதில் இல்லை. பின்னர்ப் பிறந்த சாலமோனுக்கு ஆண்டவரின் அன்புக்குரியவன் எனப் பொருள்படும் எதிதியா என்னும் பெயர் சூட்டப்பட்டமை (2 சாமுவேல் 12:25), முறிவுற்ற அதே குடும்பத்தில் அருள் தொடர்ந்தமையைக் காட்டும்.

4. ஈடுசெய்தல்

உரியாவின் உயிர் திரும்புவதில்லை. ஆகவே மன்னிப்புப் பெற்றவர் பாதிக்கப்பட்டவரை மறந்துவிட இயலாது. மத்தேயு நற்செய்தியின் தலைமுறை அட்டவணை பத்சேபாவின் பெயரைக் கூறாமல் உரியாவின் மனைவி என்றே குறிப்பிடுகிறது (1:6). மன்னிக்கப்பட்ட பாவத்திற்கு இரையானவரின் பெயர் அங்கு நிலைத்துவிட்டது.

ஈடுசெய்யக்கூடிய விளைவை ஈடுசெய்வது மனமாற்றத்தின் பகுதியாகும். வரிதண்டுவோரின் தலைவராகிய சக்கேயு தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏய்த்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித்தரவும் முன்வந்தார் (லூக்கா 19:8). இயேசு அவர் வீட்டில் தங்க முற்பட்டபின்னரே இவ்வுறுதி பிறக்கிறது. அருளைப் பெறுவதற்கான விலையாக அன்றி, அருள் பெற்றதன் பயனாகவே ஈடுசெய்தல் அங்கு நிகழ்கிறது.

5. சுமப்பவர் யார்?

எசாயா (ஏசாயா) 53ஆம் அதிகாரம் பலருடைய பாவத்தைச் சுமக்கும் ஊழியரைப் பாடுகிறது. அங்கும் வினை ‘நாசா’ (53:12). இதனைக் கிறிஸ்துவின் சிலுவைச் சாவோடு இணைத்துப் பேதுருவின் முதல் திருமுகம் விளக்குகிறது (2:24). மன்னிப்பவரே பாரத்தையும் ஏற்கிறார் என்னும் சொற்பொருள் இங்கு நிகழ்ச்சியாகிறது.

சிலுவையில் மனம் திரும்பிய குற்றவாளியின் நிலை இதனைத் தெளிவுறுத்தும். தன் செயலுக்குரிய தண்டனையையே பெறுவதாக அவர் ஏற்றுக்கொள்கிறார். அன்றே பேரின்ப வீட்டில் உடனிருப்பார் என்னும் உறுதியும் பெறுகிறார் (லூக்கா 23:41–43). அவர் சிலுவையிலிருந்து இறக்கப்படவில்லை. ஆனால் அருகிலிருந்த சிலுவையில் அவருக்கு மன்னிப்பளித்தவரும் அறையப்பட்டிருந்தார்.

6. தமிழ் மரபில் ஒப்பீடு

வினைக்கோட்பாட்டில் ஊறிய தமிழ்ச் சூழலில் இக்கருத்து புதிதாக ஒலிப்பதில்லை. சைவ சித்தாந்தம் வினையைப் பழவினை, நுகர்வினை, ஏறுவினை என மூவகையாக்கும். குருவருளால் பழவினை அழிந்தபின்னும் நுகர்வினை உடலுள்ள அளவும் நின்று கழியும் என்பது அதன் கொள்கை. அருள் பெற்றபின்னும் விளைவு எஞ்சும் என்பதில் இரு மரபுகளும் நெருங்குகின்றன. கிறித்தவம் பிறவித் தொடரை ஏற்பதில்லை. இறைவன் மனித உடலில் பாவத்தின் பாரத்தைச் சுமந்தார் எனவும் கூறுகிறது. இவை வேறுபாடுகள்.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டுப் படைப்பைத் தழுவி இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. மூலநூலில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. எனினும் பயணம் அங்கு முடிவதில்லை. ஏறுதற்கரிய குன்றும் இருள்சூழ் பள்ளத்தாக்கும் அதன்பின்னரே எதிர்ப்படுகின்றன. பொறை நீங்கியவரே பொறையுடன் நடக்கவேண்டியவர் என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது.

முடிவுரை

‘நாசா’ என்னும் ஒரே சொல் விளைவைச் சுமத்தலையும் பாவத்தை மன்னித்தலையும் குறிப்பது, மன்னிப்புக்குப் பின்னும் விளைவு தொடர்வதை இறைவனின் புறக்கணிப்பாகக் கொள்ளவேண்டியதில்லை என்பதைக் காட்டுகிறது. பாலைநிலத்தில் மன்னா கிடைத்தது; தாவீதின் வீட்டில் எதிதியா பிறந்தான்; சிலுவையில் உறுதிமொழி கிடைத்தது. விளைவைத் தனித்துச் சுமந்தவர் துணையுடன் சுமப்பவராகவும், இயன்றதை ஈடுசெய்பவராகவும் மாறுவதில் அருள் வெளிப்படுகிறது. ‘பொறுத்தல்’ என்னும் தமிழ்ச்சொல் இப்பொருள் முழுவதையும் தாங்கவல்லதாக இருப்பதால், கிறித்தவ இறையியலின் கலைச்சொற்களுள் அதற்கு உரிய இடம் அளிப்பது பயனுடையதாகும்.