பிரேக் எண்ணெயும் அம்மாவின் வலது காலும்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஜெராய் மலைக்குப் போயிருந்தோம். கோலா கெடாவில் கடற்காற்றிலேயே வாழும் எங்களுக்கு, 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அந்த மலையின் குளிர் ஒரு பெரிய சுகம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. குரூண் பக்கம் இறங்கும்போது, பாதி வழியில் அப்பாவின் முகம் மாறியது. பிரேக்கை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் பெடல் உள்ளே போனது. காரோ வேகம் குறையாமல் இறங்கியது.

அப்பா பதறவில்லை. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, ஓரத்தில் நிறுத்தினார். பின்னால் தங்கை அழுதுகொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது. ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் எங்கள் வீட்டருகே பட்டறை வைத்திருக்கும் போமன் அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து பார்த்தார். “என்ன தம்பி, கோப்பி ஓ மாதிரி இருக்கு!” என்றார். கார் வாங்கியதிலிருந்து நாங்கள் அதை மாற்றியதே இல்லை.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புதிய டாட் 3 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 எண்ணெய்க்கு இது 230, 155 பாகை. மலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு ஏறி, ஈரம் கலந்த எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஐந்தாம் படிவ இயற்பியலில் பாஸ்கல் தத்துவம் படிக்கிறோம் அல்லவா? மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். திரவம் எளிதில் சுருங்காது, வாயு சுருங்கும். நம் காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் குமிழை நசுக்குவதிலேயே வீணாகிறது. சூடு ஆறியதும் ஆவி மீண்டும் நீர்மமாகும். அதனால்தான் பெடல் திரும்பக் கெட்டியானது.

“பழைய எண்ணெயை வெளியேற்றி, காற்று எடுக்கவேண்டும். நீயே செய்து பார். நான் வந்து சரிபார்க்கிறேன்” என்றார் அண்ணன். எந்தக் கருவியை வைத்துச் செய்வது என்பதை அப்பா என்னிடமே விட்டுவிட்டார்.

என் கண் முதலில் போனது கையால் இயக்கும் வெற்றிடப் பம்பின் மேல். ஒருவரே வேலையை முடித்துவிடலாம். நண்பனிடம் இரவல் வாங்கி, சக்கரத்தின் பின்னாலுள்ள காற்றுத் திருகாணியில் மாட்டி உறிஞ்சினேன். குமிழ்கள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. ஒரு மணி நேரமாகியும் நிற்கவில்லை. அண்ணன் சிரித்தார். திருகாணியைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்றும் உள்ளே இழுபடுமாம். நான் பார்த்த குமிழ்களில் எது குழாய்க்குள்ளிருந்து வந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது அழுத்தப் பம்பு. இது மேலேயுள்ள கிண்ணத்திலிருந்து எண்ணெயைத் தள்ளும். தனியாகச் செய்ய நல்ல கருவி. உள்ளிருந்து தள்ளுவதால் வெளிக்காற்றுக்கு வழியில்லை. ஆனால் அதன் மூடி நம் காரின் கிண்ணத்துக்குச் சரியாகப் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் எண்ணெய் பீறிட்டு இயந்திரப் பகுதியெங்கும் தெறிக்கும், சாயத்தை உரித்துவிடும். எங்கள் பழைய சாகாவுக்குப் பொருந்தும் மூடி எனக்குக் கிடைக்கவில்லை.

மிஞ்சியது ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயும் ஒரு போத்தலும்தான். போத்தலில் கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றி, குழாயின் நுனி அதில் மூழ்கும்படி வைக்கவேண்டும். இதற்கு இன்னொருவர் தேவை. அம்மா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார்.

இயந்திரத்தை அணைத்து, காரை ஸ்டாண்டின் மேல் நிறுத்தினோம். ஜேக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே கை வைக்கக்கூடாது. எங்கள் காரில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருப்பது இடப்பக்கப் பின்சக்கரம், அங்கிருந்து தொடங்கினோம். வரிசை காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள். நான் “மிதிம்மா” என்பேன். அம்மா மிதித்ததும் திருகாணியைக் கால் சுற்றுத் திறப்பேன். எண்ணெய் ஓடும். மூடிய பிறகே “விடும்மா” என்பேன். பழைய காரில் பெடலைத் தரைவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கெடலாம் என்று அண்ணன் சொல்லியிருந்ததால், பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்தோம். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை கிண்ணத்தை நிரப்பினோம். அது வற்றினால் காற்று மறுபடியும் உள்ளே போய்விடும்.

கறுப்பு எண்ணெய் மெல்ல வெளிறி, தேன் நிறமானது. குமிழும் நின்றது. “இப்போ கல்லு மாதிரி இருக்குடா!” என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார். குழாயில் நான் கண்டதை அவருடைய கால் உறுதிப்படுத்தியது. எந்தப் பம்பும் எனக்குத் தராத சான்று அது.

அண்ணன் நான்கு சக்கரங்களையும் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, சந்துக்குள் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே அப்பா சாவியை வாங்கினார். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பட்டறையில் கொடுத்தோம்.

நண்பர்களே, கருவி வாங்குமுன் விலையைக் கேட்பதோடு நிற்காதீர்கள். வேலை முடிந்ததா இல்லையா என்று அது உண்மையைச் சொல்லுமா என்றும் கேளுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் குழாயும் போத்தலும் போதும். எப்போதும் தனியாகத்தான் செய்யவேண்டுமென்றால், பொருந்தும் மூடியுள்ள அழுத்தப் பம்புக்குச் சேமியுங்கள். ஏபிஎஸ் உள்ள சில கார்களில் காற்று எடுக்கக் கணினிக் கருவியும் தேவைப்படும். அதைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். முதல்முறை செய்பவர்கள் அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் திருகாணியைத் தொடவேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு கேள்வி கேளுங்கள்: “நம் காரின் பிரேக் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினோம்?” பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பதில் சொல்ல யாருமில்லை. இப்போது, மாற்றிய தேதியை ஒரு தாளில் எழுதிக் கார் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.