உடம்பில் ஊன்றும் விதைகள்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தமக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருப்பதாக வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள் என்றும், அயல்நாட்டில் உத்தியோகம் பார்க்கும் மகன் அங்கே அழைத்துக்கொண்டு போய் ‘விதை வைக்கும்’ சிகிச்சை செய்விக்க வேண்டுமென்று பிடிவாதமாக இருக்கிறான் என்றும், கதிரியக்கமுள்ள நூறு உலோகத் துணுக்குகளை ஆயுள் உள்ளவரை உடம்பில் சுமந்துகொண்டு பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுவது எங்ஙனம் என்றும் கேட்டிருந்தார். நோயைப் பற்றி நாலே வரிதான். பேரனைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.

கிரண சிகிச்சையின் பொதுத் தத்துவம் வாசகர்கள் அறிந்ததே. அதை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. புராஸ்டேட் விஷயத்தில் உள்ள சங்கடமெல்லாம் அந்தச் சுரப்பி அமைந்திருக்கும் ஸ்தானத்தால் வருவது. மேலே சிறுநீர்ப்பை, பின்னே மலக்குடல், தன் நடுவிலேயே ஊடுருவிச் செல்லும் சிறுநீர்க் குழாய் என்று, மனிதன் மானத்தோடு நடமாடுவதற்கு இன்றியமையாத மூன்று உறுப்புகளும் அதை ஒட்டியே இருப்பதால், வெளியிலிருந்து பாய்ச்சும் கிரணம் எவ்வளவுதான் குறிபார்த்து வந்தாலும் அவற்றைத் தீண்டாமல் உள்ளே நுழைவது கடினம். அப்படியானால் கிரணத்தைப் பாய்ச்சுவதற்குப் பதிலாகக் கிரணம் வீசும் பொருளையே சுரப்பிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன?

இந்த யோசனை புதிதன்று. ரேடியம் கண்டுபிடிக்கப்பட்ட ஐந்தாம் வருஷத்தில், அதாவது 1903-இல், டெலிபோனை உலகுக்கு அளித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் ஒரு வைத்தியருக்கு எழுதிய கடிதத்தில், ரேடியத் துணுக்கு ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கட்டியின் மத்தியிலேயே செருகிப் பார்க்கலாகாதா என்று கேட்டிருக்கிறார். 1910-களில் பாரிஸிலும் அமெரிக்காவின் பால்டிமோரிலும் சிறுநீர்க் குழாயின் வழியாக ரேடியத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். நியூயார்க்கில் பாரிஞ்சர் என்ற வைத்தியர், மலவாயிலில் ஒரு விரலை வைத்துத் தடவி உணர்ந்துகொண்டே, மறு கையால் அதன் முன்புறத்துத் தோலின் வழியே ஊசிகளைச் சுரப்பிக்குள் இறக்கினார். 1970-களில் அதே நகரத்து மெமோரியல் மருத்துவமனையில் வில்லெட் விட்மோர் என்ற பிரசித்தி பெற்ற நிபுணரும் அவருடைய குழுவினரும் அடிவயிற்றைத் திறந்து, கண் மதிப்பையும் கை மதிப்பையும் நம்பி, அயோடின்-125 விதைகளை ஊன்றினார்கள். பல வருஷங்கள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது அநேகருக்கு நோய் திரும்பியிருந்தது. மருந்தின் வீரியத்தில் குறைவில்லை. விதைகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் அறவே இல்லாமலும் கிடந்தது அந்தத் தோல்விக்கு ஒரு முக்கியமான காரணம்.

எங்கள் கிராமத்து வீட்டில் அறுவடைக்குப் பின் குதிரில் நெல்லைக் கொட்டும்போது, அந்துப்பூச்சி விழாமலிருக்கப் பாட்டி நொச்சித் தழையைப் போடுவாள். தழையைக் குதிரின் வாயில் மட்டும் திணித்தால் பூச்சி அடியில் குடியேறும், ஒரு பக்கமாகக் குவித்தால் மறு பக்கம் பாழாகும் என்பதை அறிந்தவளாகையால், ஒரு சாண் நெல்லுக்கு ஒரு பரப்புத் தழை என்று கணக்காக அடுக்கிக்கொண்டே வருவாள்; அடுத்த அறுவடைக்குள் தழையின் வீரியம் போய் வெறும் சருகாகிவிடும், அதனால் நெல்லுக்கு ஒரு கெடுதலும் இல்லை. விதை வைத்தியத்தின் சூட்சுமம் முழுவதும் ஏறக்குறைய இதுதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சுரப்பியின் நடுவே சிறுநீர்க் குழாய் போவதால், விதைகளை நடுவில் குறைத்து ஓரங்களில் அதிகமாக வைப்பார்கள்.

அந்த விதையைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். நீளம் நாலரை மில்லிமீட்டர்; குறுக்களவு 0.8 மில்லிமீட்டர். மேலுறை டைட்டானியம் என்ற உலோகத்தாலான நுண்குழாய். அதன் சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. உள்ளே ஒரு சிறு வெள்ளிக் கம்பி. அந்தக் கம்பியின் மேற்பரப்பில் படிந்திருக்கும் அயோடின்-125 தான் மருந்து. வெள்ளி வெறும் தாங்கி மாத்திரமன்று. எக்ஸ்-ரே படத்தில் விதை எங்கே கிடக்கிறதென்று காட்டிக்கொடுப்பதும் அதுவே. இரு முனைகளையும் மூடிப் பற்றவைத்த பின், மருந்து வெளியே கசிவதில்லை. கிரணம் மட்டும் வெளிவரும். அந்தக் கிரணமோ மிகவும் சாது. வெளியிலிருந்து பாய்ச்சும் கோபால்ட் கிரணத்தின் சக்தி பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் அதிகம். இதனுடையது சராசரியாக 28,000 தான். இரண்டு சென்டிமீட்டர் சதையைக் கடப்பதற்குள் பாதி உறிஞ்சப்பட்டுவிடும். தூரம் இரண்டு மடங்கானால் கிரணத்தின் செறிவு நாலில் ஒன்றாகக் குறையும் என்ற இயற்கை விதியும் சேர்ந்துகொள்வதால், விதைக்கு அருகே உக்கிரமாக இருப்பது அக்கம்பக்கத்து உறுப்புகளை எட்டுவதற்குள் வெகுவாகத் தணிந்துவிடுகிறது.

இந்த விதைகளைப் பார்க்காமல் ஊன்றிய காலத்துக்கு முடிவு கட்டியவர் டென்மார்க் தேசத்து ஹான்ஸ் ஹென்ரிக் ஹோல்ம். மலக்குடலுக்குள் ஓர் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துச் சுரப்பியைத் திரையில் பார்த்துக்கொண்டே, வயிற்றைத் திறக்காமல் ஊசியால் விதை வைக்கும் முறையை அவர் 1983-இல் வெளியிட்டார். 1985-இல் சியாட்டில் நகரத்தில் பிளாஸ்கோ, ராக்டே என்ற இருவர் அதை அமெரிக்காவில் தொடங்கிவைத்தனர். இன்றைக்கும் முறை பெரும்பாலும் அதுவே. நோயாளிக்கு மயக்கம் கொடுத்துக் கால்களை உயர்த்திக் கிடத்தி, ஐந்து மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்ட பலகை ஒன்றை எதிரே பொருத்தி, எந்தத் துளை வழியே எந்த ஊசி எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று முன்கூட்டியே போட்ட திட்டத்தின்படி, இருபது இருபத்தைந்து ஊசிகளால் எண்பது முதல் நூறு விதைகளை வரிசையாக இறக்குகிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அநேகமாக மறுநாளே வீடு திரும்பலாம். சில மாதங்களுக்குச் சிறுநீர் எரிச்சலும் அடிக்கடி எழுந்து போகவேண்டிய தொல்லையும் இருக்கும். சிலருக்குத் தாம்பத்திய சக்தி குறைவதும் உண்டு. நோய் சுரப்பியை விட்டு வெளியே பரவாதவர்களுக்கே விதை மட்டும் போதுமானது. மிகவும் மெதுவாக வளரும் நோய் உள்ள முதியவர்கள் பலருக்கோ, எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு இருப்பதே உசிதம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எதையும் உள்ளே விட்டுவைக்காத இன்னொரு வகையும் இருக்கிறது. வெற்று ஊசிகளை நட்டு, அவற்றைக் குழாய்களால் ஒரு யந்திரத்தோடு இணைத்துவிட்டால், மெல்லிய கம்பியின் நுனியில் பொருத்திய இரிடியம்-192 துணுக்கு ஒவ்வோர் ஊசிக்குள்ளும் புகுந்து, இன்ன இடத்தில் இத்தனை விநாடி என்று நின்று நின்று வந்து, சில நிமிஷங்களில் தன் பெட்டிக்குத் திரும்பிவிடும். வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் கதிரியக்கமற்ற வெறுங்கம்பி ஒன்று போய்வரும். நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக வைத்திருக்கும் யந்திரம் இதுவே.

இனி, பேரன் விஷயம். அயோடின்-125 இன் கதிரியக்கம் அறுபது நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். ஒரு வருஷத்தில் எழுபதில் ஒரு பங்கும், இருபது மாதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குமே எஞ்சும். முதல் இரண்டு மாதங்களுக்குக் குழந்தையை வெகு நேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகள் ஒட்டி உட்கார வேண்டாம். ஒரு கை தூரத்தில் இருந்துகொண்டு கதை சொல்வதற்கு ஒரு தடையும் இல்லை. அவர் தொட்ட பாத்திரத்திலும் உடுத்த வேட்டியிலும் கதிரியக்கம் ஏறாது. தனித் தட்டு, தனிப் படுக்கை என்று ஒதுக்கிவைப்பது அறியாமை. எப்போதாவது ஒரு விதை சிறுநீரோடு வெளிவரலாம். அதைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, மருத்துவமனையில் கொடுத்த ஈயச் சிமிழில் போட்டு ஒப்படைக்க வேண்டும்.

என்னை வெகு நாளாக ஆட்கொண்டிருக்கும் விஷயம் இவை ஒன்றுமல்ல. விதை சுமந்தவர் காலமாகிவிட்டால் என்ன செய்வது என்பதே. புதைக்கும் வழக்கமுள்ள தேசங்களில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழவில்லை. ஏறக்குறைய எல்லோரையும் தகனம் செய்யும் ஜப்பானில் அது பெரிய கேள்வியாக நின்றது. விதை வைத்தியம் அங்கே அங்கீகாரம் பெற்றதே 2003-இல்தான். அப்போது ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, விதை வைத்த ஒரு வருஷத்துக்குள் ஒருவர் எந்தக் காரணத்தால் இறந்தாலும், புராஸ்டேட் சுரப்பியை விதைகளோடு சேர்த்து அகற்றிய பிறகுதான் உடலைச் சிதைக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு வருஷமும் நோயாளி தம் சட்டைப்பையில் ஓர் அட்டையை வைத்திருக்கிறார். வழியில் விழுந்து இறந்தாலும் பிறருக்குத் தெரிய வேண்டுமல்லவா? அங்கே தகனம் முடிந்ததும் உறவினர்கள் நீண்ட குச்சிகளால் எலும்புகளைப் பொறுக்கிக் கலசத்தில் இடுகிறார்கள். மறுநாள் பாலூற்றி அஸ்தி பொறுக்கும் நமக்கு, இந்த ஜாக்கிரதையின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ பேரில் ஒருவருக்கு நேரக்கூடிய காரியத்துக்காக ஒரு தேசமே முன்கூட்டி யோசித்து வழி வகுத்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மதிப்பு மேலிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் முன்னாள் போர்வீரர்களுக்கென்று அரசாங்கம் நடத்தும் மருத்துவமனையில் 2002 முதல் 2008 வரை 116 முறை விதை வைத்தார்கள்; பின்னர் விசாரித்தபோது அவற்றில் 97-இல் அளவு பிசகியிருந்தது என்று தெரியவந்தது. பலருடைய சுரப்பிக்குப் போதிய கிரணம் கிடைக்கவில்லை. விதைகள் பக்கத்து உறுப்புகளில் போய்க் கிடந்தன. விதை ஊன்றிய சில வாரங்களில், வீக்கம் வடிந்தபின் சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு விதையும் எங்கே இருக்கிறது, சுரப்பிக்கு எவ்வளவு கிரணம் சேர்ந்தது என்று கணக்கிட வேண்டும்; இதுவே இந்த வைத்தியத்தின் பிற்பாதி. அங்கே படத்திலிருந்து கணக்குப் போடும் கம்ப்யூட்டரின் இணைப்பு அறுபட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படியே கிடந்தது. சரி செய்வார் இல்லை. ஆனால் விதை வைப்பது மட்டும் நிற்கவில்லை. 2010-இல் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2,27,500 டாலர் அபராதம் விதித்தது. அல்ட்ராசவுண்ட் இருந்தது, துளைப் பலகை இருந்தது, பணமும் இருந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் இல்லை.

பிறர் குறையைச் சொல்லி நாம் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. யந்திரம் வாங்கியதும் நடத்தும் திறப்பு விழாவும், அதைப் பரிசோதித்துப் பராமரிக்க ஆள் போடாத சிக்கனமும் நம்மிடையே தாராளமாக உண்டு. ஆற்றல் இல்லாமல் அல்ல: மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் வெள்ளிக் கம்பியும் டைட்டானிய உறையும் கொண்ட அயோடின் விதைகளை இங்கேயே தயாரித்திருக்கிறார்கள்; கண்ணுக்கும் புராஸ்டேட்டுக்குமாகச் செய்யப்பட்ட அந்த விதைகளைச் சென்னைச் சங்கர நேத்ராலயாவில் கண் புற்றுநோய்க்குப் பிரயோகித்தும் இருக்கிறார்கள்.

ஆகவே எந்த ஊரானாலும், இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் கட்டணத்தையும் அறை வாடகையையும் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: “விதை வைத்த பிறகு எத்தனையாவது நாள் ஸ்கேன் எடுப்பீர்கள்? அதைக் கணக்கிட்டு எழுத்தில் எனக்குத் தருவீர்களா?” என்று. தேதியைச் சொல்லி, தருவோம் என்றும் சொல்கிற இடத்தில் தைரியமாகப் படுத்துக்கொள்ளலாம். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.