அந்த ஒரு நாள் லீவுக்கு விலை கிடையாது!
பணிப்பெண்ணைக் காசு கொடுத்து வீட்டிலேயே நிறுத்தினால் அபராதம், ஜெயில்!

சிங்கப்பூர்:-
ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசா பக்கம் போனால் கால் வைக்க இடம் இருக்காது. பிலிப்பீன்ஸ் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுவார்கள். மியன்மார்ப் பெண்களுக்குப் பெனின்சுலா பிளாசா. தமிழ்நாட்டுப் பெண்கள் என்றால் தேக்கா.

இவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வெளியே வரவே முடியாமல் மாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களின் கதை வேறு.

வீட்டு வேலைக்கு வெளிநாட்டுப் பெண்களைக் கொண்டுவரும் திட்டம் 1978-ல் தொடங்கியது. ஆனால் வாரம் ஒரு நாள் லீவு கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது 2013 ஜனவரி 1-ந்தேதிதான். 35 வருஷம் ஆகிவிட்டது!

அதிலும் ஒரு சந்து வைத்திருந்தார்கள். பணிப்பெண் சம்மதித்தால் லீவுக்குப் பதில் காசு கொடுக்கலாம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. சம்பளம் 650 வெள்ளி என்றால் 25 வெள்ளி.

சம்மதமாம் சம்மதம்! ஊர் தெரியாது, பாஷை தெரியாது, ஏஜெண்டு கடன் வேறு சம்பளத்தில் பிடித்தம் ஆகிறது. அப்படி வந்த பெண், முதலாளியம்மாவின் முகத்துக்கு நேரே "எனக்கு லீவு வேணும் மேடம்" என்று சொல்லிவிடுவாளா? நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

24 கிலோ!

2015 மே மாதம் மியன்மாரிலிருந்து ஒரு இளம்பெண் பீஷானில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். லீவு வேண்டாம், கைத்தொலைபேசி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டு வந்தவள். வரும்போது எடை 39 கிலோ.

2016 ஜூலை 26-ந்தேதி அவள் அடிபட்டுச் செத்தபோது எடை 24 கிலோ!

வீட்டுக்குள் கேமரா இருந்தது. நடந்த கொடுமையெல்லாம் அதில் பதிவாகி இருந்தது. ஆனால் வெளியே ஒருவருக்கும் தெரியாது. இடையில் டாக்டர் பார்த்தார். ஏஜெண்டும் இரண்டு தடவை பேசினார். விஷயம் வெளிவரவில்லை. சொல்லி அழ அவளுக்கு வெளியே ஒரு சிநேகிதி இருந்தால்தானே!

முதலாளியம்மாவுக்கு 2021 ஜூனில் 30 வருஷம் ஜெயில் தண்டனை கிடைத்தது. அவர் நம் தமிழ்ப் பெண் என்பதுதான் தலைகுனிய வைக்கிற சேதி.

அதே வருஷம் ஆகஸ்டு முதல் 6 மாத டாக்டர் சோதனை முறை மாறியது. கர்ப்பமா, நோய் உண்டா என்று மட்டும் பார்த்த காலம் போச்சு. எடை குறைந்திருக்கிறதா, உடம்பில் காயம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். அந்த நேரம் முதலாளி உள்ளே இருக்கக்கூடாது.

2023 ஜனவரி 1 முதல் அந்தச் சந்தையும் பாதி அடைத்தார்கள். மாதம் ஒரு நாளாவது கட்டாயம் லீவு. அதற்குப் பதில் காசு கொடுக்க முடியாது. மற்ற நாட்களுக்கு வேண்டுமானால் கொடுக்கலாம். மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

கடைப் பையனுக்கு உள்ள வேலைச் சட்டம் பணிப்பெண்ணுக்குப் பொருந்தாது. இத்தனை மணி நேரம்தான் வேலை என்ற கணக்கே கிடையாது. அதனால்தான் இந்த ஒரு நாள் பெரிசு.

5,000 வெள்ளி பயம்

"மாசம் 300 வெள்ளி லெவி கட்டுறோம், லீவும் கொடுக்கணுமா?" என்று புலம்புகிறவர்கள் உண்டு. லெவி அரசாங்கத்துக்குப் போகிறது. அந்தப் பெண்ணின் கைக்கு 10 காசு வராது. சின்னக் குழந்தையோ வயதானவர்களோ இருக்கிற வீட்டுக்குச் சலுகையில் 60 வெள்ளிதான்.

இன்னொரு பயம், "வெளியே விட்டா எவனையாவது பிடிச்சிட்டு ஓடிடுவா, ஜாமீன் 5,000 வெள்ளி போயிடும்" என்பது. நாலு பேர் கூடினால் இதே பேச்சு.

அது அப்படி இல்லை. விதிகளை எடுத்துச் சொல்லியிருந்து, தெரிந்ததும் தகவல் கொடுத்துவிட்டால், அவள் செய்த தப்புக்கு முதலாளியின் ஜாமீனில் கை வைக்க மாட்டார்கள். ஆளே காணாமல் போனாலும் போலீசில் புகார் கொடுத்துத் தேடியிருந்தால் பாதிதான் போகும், 2,500 வெள்ளி.

லீவு ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வீட்டுக்காரரும் பணிப்பெண்ணும் பேசி எந்தக் கிழமையை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.